ஒரே வகை, வேறு வேறு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பொழுதுபோக்குப் பக்கத்தில் மாதிரி ரயில் சேகரிப்பு பற்றி வந்த கட்டுரை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் சொல்லியிருந்தது. ஒரே வகை இன்ஜினைத் திரும்பத் திரும்ப வாங்குவது வீண் செலவு என்பது ஒன்று. அப்படியும் ஆசை விடவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கிவிடுங்கள், நிறமும் ஓட்டமும் ஒத்துப்போகும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவது, சேகரிப்பையே அழித்துவிடக்கூடிய தவறு. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் அறிவுரைக்குப் பதில் சொல்லப் பிரிட்டனின் ஏ4 வகை நீராவி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் வேகம் தொட்டு நீராவி இன்ஜின்களுக்கான உலக சாதனை படைத்த மல்லார்ட் இந்த வகைதான். 1935 முதல் 1938 வரை 35 இன்ஜின்கள் கட்டப்பட்டன. கடை அலமாரியில் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சரிந்த மூக்குதான். கிட்டப் போனால் கதை வேறு. முதல் நான்கும் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வந்தன. பின்னால் வந்தவற்றில் நீலமும் பச்சையும் உண்டு, போர்க்காலத்தில் கறுப்பு அடித்தார்கள். சக்கரங்களை மறைத்த பக்கத் தகடுகளைப் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று போர்க்காலத்தில் கழற்றிவிட்டார்கள். இரட்டைப் புகைபோக்கி, 1957-இல் மற்றவற்றுக்கும் பொருத்தத் தொடங்கும் வரை, மல்லார்ட் உட்பட நான்கே இன்ஜின்களில்தான் இருந்தது. நிற்காமல் ஓடும் லண்டன்–எடின்பரோ ரயிலில் பாதி வழியில் ஓட்டுநர்கள் மாறிக்கொள்வதற்காகச் சில டெண்டர்களில் (இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) உள்ளே நடைபாதை வைத்தார்கள், மற்றவற்றில் இல்லை. இந்த டெண்டர்களும் ஒரே இன்ஜினோடு நின்றுவிடவில்லை, கைமாறின.

எண்களும் அப்படித்தான். மல்லார்ட் பிறந்தபோது 4468. 1946-இல் 22 ஆனது. பிரிட்டிஷ் ரயில்வே வந்த பிறகு 60022. ஆகவே பிரிட்டிஷ் ரயில்வே காலத்துக் காட்சி அமைப்பில் 60022 என்ற எண்ணோடு பக்கத் தகடும் இருந்தால், அப்படி ஓர் இன்ஜின் அந்தக் காலத்தில் ஓடவே இல்லை. 1942 ஏப்ரலில் யார்க் நகரத்தின் மீது நடந்த குண்டுவீச்சில் 4469 எண் ஏ4 அழிந்தது. ஆக 1950-களைச் சேகரிப்பவருக்கு 'முழு வகை' என்றால் 34. 1939-ஐச் சேகரிப்பவருக்கு 35. ஐந்து ஏ4 வைத்திருப்பவர் ஒரே பொருளை ஐந்து தரம் வாங்கியவர் என்று இதைத் தெரிந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண்டு எதையும் முடிவு செய்யாமல், பெட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கினால் வீண்தான். முதலில் ஆண்டைப் பிடிக்க வேண்டும். 'ஐம்பதுகள்' என்று பத்தாண்டைச் சொல்வது போதாது; 1952, 1958 என்று ஒரே ஆண்டு. அடுத்தது, அந்த வகையில் மொத்தம் எத்தனை என்று பார்ப்பது. பிரிட்டனின் டெல்டிக் டீசல் 22 தான். சுவிட்சர்லாந்தின் 'முதலை' மின்சார இன்ஜினில் முதல் வரிசை 33, பின்னால் வந்த வரிசை 18. இவற்றை முழுமையாகச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம். பிரிட்டனின் பிளாக் ஃபைவ் நீராவி இன்ஜின் 842. ஜெர்மனியின் 52 வகைப் போர்க்கால இன்ஜின் 6,000-க்கும் மேல். இங்கே முழுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பணிமனை, ஒரு ஆண்டு என்று சுருக்கிக்கொள்ள வேண்டும். 52 வகையில் நாடு வாரியாகச் சேர்ப்பது இன்னும் சுவையானது: போருக்குப் பின் அதே இன்ஜின் போலந்தில் டிஒய்2 என்றும் சோவியத்தில் டிஇ என்றும் பெயர் மாறி ஓடியது. விளக்கு, எண் பலகை, வண்ணம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு.

பிளாக் ஃபைவ் பற்றி ஓர் எச்சரிக்கை. பாய்லரின் மேல் நீராவிக் குமிழ் உள்ளது, இல்லாதது. ரிவெட் அடித்த டெண்டர், வெல்டிங் செய்த டெண்டர். சிலவற்றில் காப்ரோட்டி வகை வால்வு அமைப்பு (சிலிண்டருக்குள் நீராவியை விடும் பொறியமைப்பு). 44767 ஒன்றில் மட்டும் வெளிப்புற ஸ்டீஃபன்சன் வால்வு அமைப்பு. பெரிய பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம் பாய்லர்கள் இன்ஜின் மாறிப் பொருத்தப்பட்டன. அதனால் எண்ணை மட்டும் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேதி தெரிந்த புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாய்லர், டெண்டர், புகைபோக்கி, முன்பக்க எண் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும்.

தயாரிப்பாளர் வெளியிட்ட எண் நமக்கு வேண்டிய எண்ணாக இருப்பது அபூர்வம். உடலமைப்பு பொருந்தினால் எண்ணை நாமே மாற்றிக்கொள்ளலாம். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மாற்றினால் போதும்படி தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம். அச்சு எண்ணின் மேல் டீகால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப் படலம்) மென்மையாக்கும் திரவத்தை ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். நுனியைத் தட்டையாகச் சீவிய மரப் பல்குச்சியால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்க்க வேண்டும். உலோகக் கத்தி வேண்டவே வேண்டாம். குச்சியில் அடி வண்ணம் ஒட்ட ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். எந்தத் திரவமானாலும் முதலில் இன்ஜினின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆல்கஹால் சில வண்ணங்களைக் கரைத்துவிடும்.

எண்ணை அழித்த இடம் மினுமினுவென்று தனியாகத் தெரியும். பயப்பட வேண்டாம். அந்தப் பலகை முழுவதும் பளபளப்பு வார்னிஷ் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதிய இலக்கத்தை வெட்டி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவைத்து நகர்த்தி ஒட்ட வேண்டும். கீழ் விளிம்பு நேராக இருக்க, மறைப்பு நாடா ஒன்றை வரிக்கோடாக முன்பே ஒட்டிக்கொள்ளலாம். ஒரு இரவு காயவிட்டு மங்கல் வார்னிஷால் மூடிவிட்டால் எது பழைய இலக்கம், எது புதியது என்று தெரியாது. வார்னிஷ் இல்லாமல் மங்கல் வண்ணத்தின் மேல் நேரடியாக ஒட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. மங்கல் பரப்பு சொரசொரப்பானது, படலத்துக்கு அடியில் காற்று சிக்கிக்கொள்ளும், இலக்கத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு கட்டம் தெரியும். அப்படி ஆகிவிட்டால் ஊசி நுனியால் படலத்தில் இரண்டு மூன்று துளை குத்தி, மறுபடி மென்மையாக்கும் திரவம் வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். ஓட்டுநர் அறையின் இரு பக்கமும் மாற்றிவிட்டு, புகைப்பெட்டிக் கதவில் இருக்கும் சின்னத் தட்டை மறந்துவிடுவது வாடிக்கை. காட்சியில் நேருக்கு நேர் கண்ணில் படுவது அந்தத் தட்டுதான்.

டிஜிட்டல் கட்டுப்பாட்டில், அதாவது டி.சி.சி.யில், ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு எண்ணும் இருக்கிறது: டிகோடரின், அதாவது கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் உள் சில்லின், முகவரி. புது டிகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வரும். ஒரே வகையில் நான்கு வாங்கி நான்கையும் அப்படியே தண்டவாளத்தில் வைத்தால் நான்கும் ஒரே கட்டளைக்குக் கிளம்பி ஒன்றையொன்று மோதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரலிடும் தடத்தில் வைத்து முகவரி கொடுத்த பிறகே பொதுத் தடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜின் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை முகவரியாக வைப்பது வழக்கம். பிளாக் ஃபைவ் 44871-க்கு 4871. இத்தகைய நீள முகவரியை இரண்டு சி.வி.க்களில், அதாவது டிகோடரின் எண்ணிட்ட அமைப்பு நினைவிடங்களில், பிரித்து எழுத வேண்டும். அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 7. ஈவோடு 192 கூட்டினால் 211, அது சி.வி. 17-இல். மீதி 7, சி.வி. 18-இல். அதோடு சி.வி. 29-இல் 32-ஐக் கூட்ட வேண்டும். 6 இருந்தால் 38. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் இன்ஜின் பழைய முகவரிக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போதைய கருவிகள் பலவும் இந்தக் கணக்கைத் தாமாகவே செய்துவிடும் என்றாலும், சரியாக எழுதப்படாத டிகோடரைக் கண்டுபிடிக்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஏ4 சேகரிப்பவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. 60001 முதல் 60034 வரை என்பதால் 1 முதல் 34 வரை குறுகிய முகவரியே போதும், சி.வி. 1-இல் எழுதினால் முடிந்தது. வம்பு, 60003. அதற்கு 3 கொடுத்துவைத்தால், பின்னால் புதிதாகத் தடத்தில் வைக்கும் ஒவ்வொரு இன்ஜினும் அதனோடு சேர்ந்து ஓடும். அது ஒன்றுக்கு மட்டும் 603 என்பது போல நீள முகவரி கொடுத்துவிடுவது நல்லது.

இனி இரண்டாவது அறிவுரை. ஒரே தொகுதியில் வாங்கினால் ஓட்டம் ஒத்துப்போகும் என்பது அனுபவத்துக்கு ஒவ்வாதது. ஒரே பெட்டி எண், ஒரே மோட்டார் என்றாலும் வேகம் வேறுபடும். காட்சியில் தனித்தனியாக ஓடினால் இது தெரியாது. ஆனால் ஒரே வகையில் பல வைத்திருப்பதன் பெரிய இன்பமே சேர்த்துப் பூட்டி ஓட்டுவதுதான். 1970-களில் வேல்ஸில் போர்ட் டால்பட்–லான்வெர்ன் இரும்புத்தாது ரயில்களை மூன்று 37 வகை டீசல் இன்ஜின்கள் சேர்ந்து இழுத்தன. அமெரிக்காவில் எஸ்டி40-2 டீசல் இன்ஜின்கள் கூட்டாக ஓடியதைச் சொல்லவே வேண்டாம். மாதிரியில் அப்படிப் பூட்டும்போது ஒன்று முந்தினால், நுகத்தடியில் ஒரு மாடு மட்டும் ஓடியது போல ஆகிவிடும்: பின்னது இழுபடும், சக்கரம் வழுக்கும், பிடிமான ரப்பர் வளையம் தேயும், வளைவில் இலகுவான பெட்டி தடம் புரளும்.

வேகத்தைப் பொருத்தும் முறை இது. சக்கரங்களைத் துடைத்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஓட்டிப் பழக்க வேண்டும். சி.வி. 3, 4 இரண்டையும் 0 ஆக்க வேண்டும். வேகம் ஏறவும் இறங்கவும் எடுக்கும் தாமதம் இருந்தால் அளவு பொய்யாகும். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் குறித்துக்கொண்டு அதைக் கடக்கும் நொடிகளை எடுங்கள். உண்மை இன்ஜினில் 76-இல் ஒரு பங்கான 1:76 அளவில் 274-ஐ அந்த நொடியால் வகுத்தால், உண்மை ரயிலின் கணக்கில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 1:87 என்றால் 313, 1:160 என்றால் 576. எது மெதுவாக ஓடுகிறதோ அதையே அளவுகோலாக வைக்க வேண்டும். வேகமானதைக் குறைக்கலாம், மெதுவானதைக் கூட்ட முடியாது. வேகமானதன் சி.வி. 5-ஐப் பத்துப் பத்தாகக் குறைத்து உச்ச வேகத்தைச் சமன் செய்து, பிறகு சி.வி. 6-ஆல் நடு வேகம், கடைசியில் சி.வி. 2-ஆல் ஊரும் வேகம். முன்னோட்டமும் பின்னோட்டமும் வேறுபட்டால் பல டிகோடர்களில் சி.வி. 66-உம் 95-உம் அதைத் திருத்தும்; அங்கே 128 என்பது மாற்றமில்லாத நிலை. எண் வரம்பு டிகோடருக்கு டிகோடர் மாறும் என்பதால் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்வது அவசியம். மோட்டார் சூடானதும் வேகம் மாறும், ஆகவே பத்து நிமிடம் ஓடிய பிறகே அளக்க வேண்டும்.

எண்கள் பொருந்திய பிறகு கண்ணாலும் பாருங்கள். இரண்டையும் பூட்டாமல், நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரே கட்டளையில் ஓட்ட வேண்டும். ஒரு சுற்று முடிந்தும் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருந்தால் பூட்டலாம். சேர்ந்து ஓடப்போகும் இன்ஜின்களுக்கு ஒரே நிறுவனத்தின் ஒரே டிகோடரைப் போடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் எதிர்மின்னழுத்தத்தைப் பார்த்து வேகத்தைத் திருத்தும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இரண்டு வேறு டிகோடர்கள் ஏற்றத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

பூட்டிய இன்ஜின்கள் எல்லாம் சேர்ந்து கேட்கும் கூட்டு முகவரி சி.வி. 19-இல். மூன்றுக்கும் 50 என்று வைத்தால், எதிர்த் திசை பார்த்து நிற்பதற்கு மட்டும் 128 கூட்டி 178. நடுவில் நிற்கும் இன்ஜினின் முகப்பு விளக்கு எரியக் கூடாது, அதைச் சி.வி. 22 கவனித்துக்கொள்ளும். 'இன்ஜின் செத்துவிட்டது, தன் முகவரிக்கு அசையவே மாட்டேன் என்கிறது' என்று பழுதுபார்க்க வருபவற்றில் பல, முந்தைய கூட்டில் எழுதிய சி.வி. 19 அப்படியே நிற்பவைதான். 0 ஆக்கினால் ஓடிவிடும்.

இப்போது அந்த ஆபத்துக்கு வருகிறேன். மாதிரி இன்ஜின்களின் அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது அதில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு, ஊதிப் பெருத்து, வெடிக்கும். வாங்கும்போது ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்துத் தெரியலாம், பல பத்தாண்டு கழித்தும் தெரியலாம். இதற்கு மருந்து கிடையாது. ஈரப்பதம் இதை விரைவுபடுத்தும். பழுது வார்ப்பு உலோகத்தோடு வருவதால் ஒரே தொகுதியில் வந்த இன்ஜின்கள் சேர்ந்தே கெடும். கட்டுரையாளர் சொன்னபடி எட்டு இன்ஜின்களை ஒரே தொகுதியில் வாங்கியவருக்கு எட்டும் போகலாம். வெவ்வேறு ஆண்டுத் தயாரிப்பாக வாங்கியவருக்கு ஒன்றோ இரண்டோ போகும்.

அறிகுறிகள் இவை: மேல்கூடு கழற்ற வராமல் இறுகும், அடிச்சட்டத்தின் இரு முனையும் கீழ்நோக்கி வளையும், முன் தகடு வெளியே தள்ளும், மூலைகளில் மயிரிழைக் கீறல் ஓடும். வாங்கிய அன்றே வெர்னியரால் அடிச்சட்டத்தின் நீளத்தை அளந்து குறித்துவையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் சந்தேகம்தான். இறுகிய கூட்டை நெம்பிக் கழற்றினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். தேவையானால் அடிச்சட்டத்தைத் துண்டு துண்டாக உடைத்து எடுத்துக் கூட்டைக் காப்பாற்றலாம். பக்கத்து இன்ஜினுக்கு இது தொற்றாது, அதை அப்புறப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

வெவ்வேறு தொகுதி என்றால் நிறம் கொஞ்சம் மாறுமே என்று கேட்கலாம். மாறட்டும். உண்மையான இன்ஜின்களும் ஒன்று நேற்றுப் பணிமனையிலிருந்து வந்ததாகவும் ஒன்று மூன்று வருடப் புகை படிந்ததாகவும்தான் நின்றன. அழுக்குப் பொடியை ஒவ்வொன்றுக்கும் அதனதன் புகைப்படத்தைப் பார்த்துப் பூசினால் வித்தியாசம் இயல்பாகிவிடும். கவனிக்க வேண்டியது வேறு: தயாரிப்பாளர் வார்ப்பு அச்சையே புதிதாக வடிவமைத்திருந்தால் கூரை உயரம், ஜன்னல் அளவு, கொக்கியின் உயரம் மாறியிருக்கும். உதிரி பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய அச்சில் வந்த இன்ஜினின் கியர் புதிய அச்சில் வந்ததில் ஏறாது. அப்படி இரண்டு அச்சு மாதிரிகளை அடுத்தடுத்துப் பூட்டாமல் இருப்பது நல்லது.

கியர் என்றதும் ஒன்று. சீராக, சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வந்தால், சக்கரத்தின் இருசில் இறுக்கிய பிளாஸ்டிக் கியர் சுருங்கிப் பற்களுக்கு இடையே பிளந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரே வகை வைத்திருப்பவர்கள் ஓடாத இன்ஜின் ஒன்றை மலிவாகக் கிடைத்தால் உதிரிக்கென்றே வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, பெட்டிகள் இடத்தை அடைக்கும், தூக்கிப் போட்டுவிடலாம் என்று அதே கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற நுரையை மட்டும் தூக்கிப் போடுங்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதிலாக அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றலாம். ஒவ்வொரு பெட்டி மூடியின் உட்புறமும் ஒரு சீட்டு ஒட்டி, இன்ஜின் எண், தயாரிப்பாளர் எண், வாங்கிய தேதி, டிகோடர் வகை, முகவரி, சி.வி. 2, 5, 6, அடிச்சட்ட நீளம், கடைசியாக எண்ணெய் விட்ட தேதி எல்லாம் எழுதிவைக்க வேண்டும். ஒரே மாதிரியான பத்துப் பெட்டியில் இந்தச் சீட்டு இல்லாமல் எது எதற்கு என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர் ஒருவர்